நான் கந்தோருக்குப் போகவில்லை, அப்பா

என் அப்பாவுக்கு, நிறையக் கோபத்தோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்போடும்,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. சுகமாக இருக்கிறீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. எங்கே இருந்தாலும் ஒரு கதிரையைப் பிடித்து, பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அங்கேயும் "என்ரை மூத்தவள் கந்தோரிலை வேலை" என்று ஓர் அலுவலகத்தில் என்னை இருத்தி முடித்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உங்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, இந்த ஒரு முறை நான் கதைக்க நீங்கள் கேளுங்கள்.

உங்கள் சிநேகிதர் பொன்னுத்துரை ஐயா என் உயிரை எடுக்கிறார். வாய்க்கால் தண்ணீருக்கு உங்களோடு சண்டை பிடித்து, சண்டை முடிந்த கையோடு எங்கள் வீட்டிலேயே தேநீர் குடித்துவிட்டுப் போவாரே, அவர்தான். காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். காணிப் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லையாம். அரசாங்கக் கச்சேரிக்குள் இருக்கிற பிள்ளை நான், பெரியவரிடம் ஒரு சொல்லுச் சொன்னால் போதுமாம். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொன்னாராம். நீங்களும் "பிள்ளையிட்டைச் சொல்லுறன்" என்றீர்களாம். அப்பா, என்னால் அவருக்கு வீதிப்பக்கம் பார்த்த நல்ல அறை ஒன்று தரமுடியும். தலையணை மாற்றித் தரமுடியும். காணிப் பத்திரத்துக்கு நான் எங்கே போவது?

இது எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும். யுத்தம் முடிந்து, அகதி முகாமிலிருந்து அக்கராயனுக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலுக்குள் இருந்த காலம். கிளிநொச்சியில் கண்டி வீதியோரமாக ஹோட்டல் ஒன்று கட்டி முடித்து ஆட்கள் எடுத்தார்கள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் ஓடும், சிங்களம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஓடும். வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்தடிக்குப் போய்விட்டு, பொழுதுபட வந்து அம்மாவிடம் கேட்டீர்கள், அங்கே மேசை இருக்குதாமோ, கதிரை இருக்குதாமோ, கொம்பியூட்டர் இருக்குதாமோ என்று. எல்லாம் இருக்கிறது என்று அம்மா சொன்னா. அப்படியென்றால் அது கந்தோர்தான் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள்.

அடுத்த நாள் சங்கக் கடையில் சொன்னீர்கள். கந்தோர் என்றால் எந்தக் கந்தோர் என்று ஊர் கேட்கும் அல்லவா? யாரோ "கச்சேரியோ?" என்று கேட்க, நீங்கள் மறுக்கவில்லை. அவ்வளவுதான். நான் மாவட்டச் செயலகத்து உத்தியோகத்தர் ஆகிவிட்டேன், ஒரு பரீட்சையும் எழுதாமல்.

ஒரு பொய்யைச் சொல்வதென்றால் அதற்கு வசதியான பொய்யாகச் சொல்லியிருக்கக்கூடாதா? கச்சேரி பௌர்ணமிப் போயா நாளில் பூட்டு. பொங்கலுக்குப் பூட்டு. தீபாவளிக்குப் பூட்டு. எங்களுக்கோ அந்த நாட்களில்தான் அறைகள் எல்லாம் நிரம்பி வழியும். பொங்கலன்று விடிய நான் வெளிக்கிட்டுப் போவதைக் கண்டு ஊர் கேட்க, நீங்கள் வெள்ள நிவாரண வேலை என்றீர்கள். அந்த வருடம் மழையே இல்லை. பயிர் கருகுகிறது என்று நீங்களே கோயிலில் பொங்கிப் படைத்துக்கொண்டு நின்றீர்கள். இன்னொரு முறை தேர்தல் வேலை என்றீர்கள். எந்தத் தேர்தல் என்று கேட்டவரிடம், "உங்களுக்கு இன்னும் அறிவிக்கேல்லை" என்றீர்களாம். அதைக் கேட்டு அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்னேரம் என்னைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வருவீர்கள். ஒரு நாளாவது ஹோட்டல் வாசலில் நிறுத்தினீர்களா? நாலு கட்டடம் தள்ளி வங்கிக்கு முன்னால் நிற்பீர்கள். நான் ஹோட்டல் சேலையை மாற்றி, வேறு சேலை கட்டி, அந்த வெயிலில் நடந்து வந்து ஏறவேண்டும். வங்கிக் காவலாளி என்னை வங்கியில் வேலை செய்கிறவள் என்று நினைத்து வணக்கம் வைக்கத் தொடங்கிவிட்டார். எத்தனை கந்தோர்தான் நான் பார்ப்பது?

கலியாணப் பேச்சு நடந்த கூத்தை யாரிடம் சொல்லி அழுவது? ஹோட்டலில் வேலை என்று தெரிந்தால் மாப்பிள்ளை வராது என்றுதானே மறைத்தீர்கள்? அரசாங்க உத்தியோகம் பார்க்கிற பெண் என்றவுடன் வந்தார்களே வரிசையாக. ஒருவர் ஆசிரியர், ஒருவர் நீர்ப்பாசனத் திணைக்களம், ஒருவர் வவுனியாவில் சொந்தமாகக் கடை. விசாரித்தால் வெளியே வந்துவிடும் என்று பயந்து, வந்த எல்லோரையும் நீங்களே திருப்பி அனுப்பினீர்கள். "பிள்ளைக்கு இப்ப விருப்பமில்லை" என்று. பிள்ளையிடம் யார் கேட்டது? கலியாணம் நடக்கவில்லையே என்று எனக்குக் கவலை இல்லை. என் விருப்பமின்மையையும் நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள் என்பதுதான் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது.

நீங்கள் ஒரு நாளும் உள்ளே வராதபடியால் நான் அங்கே என்ன செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போதாவது சொல்கிறேன். வரவேற்பு மேசையில் தொடங்கினேன். பிறகு அறைகளைப் பார்க்கும் பகுதிக்கு மேற்பார்வை. பிறகு கலியாண மண்டபம். பிறகு உதவி முகாமையாளர். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் என் தலையில். தண்ணீர்த் தாங்கி வற்றினால் என் தலையில். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண் வீட்டுக்காரரோடு சாப்பாட்டுக்குச் சண்டை பிடித்தால், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பாயாசத்தோடு நிற்பவள் நான்.

விருந்தாளிகள் கோபம் வந்தால் "மனேஜரைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். நான் போவேன். "உங்களை இல்லை, மனேஜரை" என்பார்கள். நான்தான் பொறுப்பு என்று சொன்னால், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்த்து முடியும்வரை நான் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதுவும் சம்பளத்துக்குள் அடக்கம்.

பழக்கி எடுத்த பெண்பிள்ளைகளைக் கலியாணம் சரிவந்தவுடன் வீட்டுக்காரர் நிறுத்திவிடுகிறார்கள். உடனே மேலிடத்தில் சொல்வார்கள், பெண்களை நம்பி வேலை கொடுக்க ஏலாது என்று. பழக்கி எடுத்த பெடியன்கள் கட்டாருக்குப் போகிறார்கள், அதே நாளில், அதே போல, சொல்லாமல் கொள்ளாமல். அதற்குப் பெயர் முன்னேற்றமாம். நான் இரண்டு பேருக்காகவும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறேன். விரிப்பின் மூலையை மடிப்பது எப்படி, குரலை உயர்த்தாமல் இல்லை என்று சொல்வது எப்படி.

முள்ளியவளையிலிருந்து வந்த தர்சிகா என்ற பிள்ளை இப்போது வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் வருகிறவர்களிடம் எப்போது அறையை விடுவார்கள் என்று மட்டும் கேட்கமாட்டாள். பிரான்சிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த குடும்பத்திடம் "ஆறுதலா இருந்திட்டுப் போங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் ஆறுதலாக இருந்துவிட்டார்கள். அந்த அறைகளுக்குக் காசு கட்டியிருந்த கலியாண வீட்டுக்காரர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அன்று நான் பட்ட பாடு சொல்லி முடியாது. எல்லாம் அடங்கியபின் அவளைக் கூப்பிட்டு ஏசினேன். அவள் கண் கலங்கி, "வந்த ஆக்களை எப்பிடி அக்கா எப்ப போறீங்கள் எண்டு கேக்கிறது?" என்றாள்.

எங்கள் வீட்டில் மட்டும் யார் கேட்டார்கள்? உங்கள் சித்தப்பா ஒரு கிழமைக்கு என்று வந்து ஒரு நெற்போகம் முழுக்க இருந்தாரே, நீங்கள் கேட்டீர்களா? போகிறேன் என்று சொல்லக்கூட வாய் வராத ஊர் இது. போயிட்டு வாறன் என்றுதான் வரும். இந்த ஊரில் ஹோட்டல் நடத்த வேண்டியிருக்கிறது எனக்கு. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "நாளைக்குக் காலைமைச் சாப்பாடு எங்களோடையோ?" என்று கேட்கச் சொன்னேன். ஓம் என்றால் இருக்கிறார்கள், இல்லை என்றால் அறை வெறுமை. தர்சிகாவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததற்கு ஒருவராவது என்னைப் பாராட்டவேண்டாமா? உங்களிடம் சொன்னால் சிரித்திருப்பீர்கள். ஆனால் சொல்லமுடியாது. கச்சேரியில் யார் காலைச் சாப்பாடு கேட்பது?

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் முகாமையாளர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லாம் நான்தான் பார்க்கிறேன், பெயர் மட்டும் உதவி முகாமையாளர். முதலாளி கனடாவில் இருக்கிறார். நல்ல மனிதர். இத்தனை வருடம் நான் உழைத்ததைப் பார்த்து, பதவியை எனக்கே தருவதாக முடிவு எடுத்திருந்தார். அப்பா, நான் அதற்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. வரவேற்பு மேசைக்கு வந்த முதல் கிழமையே, அந்த முகாமையாளர் அறைக் கதவைப் பார்த்து, ஒரு நாள் அதற்குள் நான் இருப்பேன் என்று நினைத்தவள் நான். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். இப்போதும் வெட்கமில்லை.

பதவி கொடுப்பதற்கு முன் முதலாளி ஒரு நல்ல காரியம் செய்தார். ஸ்கந்தபுரத்தில் இருக்கும் தன் அக்காவிடம், என்னைப் பற்றி ஊரில் ஒருக்கால் விசாரிக்கச் சொன்னார். ஆணாக இருந்தால் விசாரித்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அந்த அக்கா வந்து எங்கள் ஊரில் நாலு பேரிடம் கேட்டிருக்கிறா. நாலு பேரும் சொல்லிவைத்தது போல ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள்: சுகந்தி கச்சேரியில் வேலை.

முதலாளி தொலைபேசி எடுத்தார். அவருடைய குரல் மாறியிருந்தது.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. வீட்டுக்குத் தெரியாமலோ ஹோட்டலிலை வேலை செய்யிறியள்? நாளைக்கு உங்கடை பேரைப் பலகையிலை போட, உங்கடை ஆக்கள் வந்து சண்டை பிடிச்சால் நான் என்ன செய்யிறது?"

நான் எவ்வளவோ சொன்னேன். வீட்டுக்குத் தெரியும், அப்பாதான் அப்படிச் சொல்லிவைத்தார் என்றேன். வாயைத் திறக்கத் திறக்க எனக்கே அது பொய்போலக் கேட்டது. யோசிப்போம் என்றார். கொழும்பிலிருந்து ஒருவரை எடுப்பது பற்றியும் யோசிக்கிறாராம். வைத்துவிட்டார்.

அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் அப்பா, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நான் வீட்டுக்கு வந்திருக்கமாட்டேன். ஒரு தப்பும் செய்யாமல், ஒரு நாளும் லீவு எடுக்காமல், உடம்பு முறிய உழைத்ததை உங்கள் ஒரு வாய்ச்சொல் வந்து தட்டிவிட்டது. அதுவும் நீங்கள் போனபிறகு. உங்களோடு சண்டை பிடிக்கக்கூட வழியில்லாமல்.

ஊருக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. நிமிரவில்லை. "வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் வருது. அந்த மனிசன்ரை வாயைப் பொய்யாக்கிப் போட்டோ படைக்கப் போறாய்?" என்றா. அம்மாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் உங்களுக்காகக் கதையாமல் இருந்தோம், பெருமைப்படுங்கள்.

நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கலியாணம், ஊர்வாய் எல்லாம் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், நான் பரிமாறவும் பழகுகிறேன் என்று சொன்னபோது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "செட்டிகுளம் முகாமிலை கோப்பையோடை வரிசையிலை நிண்டனாங்கள். ஆரோ ஒருத்தன்ரை கரண்டியைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். இனி என்ரை பிள்ளை சாப்பாட்டுப் பக்கமே நிக்கக் கூடாது எண்டு நினைச்சனான்." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். பதில் என்னிடம் இருந்தது. அந்த வரிசையில் நானும்தான் நின்றேன். கோப்பைக்குள் சோற்றை எறிவது போலப் போட்டவர்களையும், முகத்தைப் பார்த்துப் போட்ட ஒரு பெண்ணையும் நானும்தான் பார்த்தேன். சாப்பாட்டைக் கொடுக்கிற இடத்தில் நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அங்கேதான். ஒரே வரிசையில் நின்ற தகப்பனும் மகளும் இப்படி இரண்டு முடிவோடு வெளியே வரலாமா? வந்திருக்கிறோமே.

உங்கள் திவசம் வந்தது. ஐயர் வந்து காரியம் முடித்துப் போனார். பந்திக்கு நானே நின்றேன். அன்று ஹோட்டல் சேலையைக் கட்டிக்கொண்டேன், பெயர் எழுதிய பட்டியும் நெஞ்சில் குத்திக்கொண்டேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. வாழையிலைக்கு முன்னால் இருந்த எல்லோரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்கள். எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும்.

பொன்னுத்துரை ஐயா முதல் பந்தியிலேயே இருந்தார். பருப்புக்கு நெய் விடக் குனிந்தபோது தொடங்கிவிட்டார், பத்திரம் என்ன மாதிரி என்று. நான் நெய்ச் சட்டியை நிலத்தில் வைத்தேன்.

"ஐயா, நான் கச்சேரியிலை இல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. நான் ஹோட்டலிலை வேலை செய்யிறன்."

பந்தி முழுவதும் கேட்கும்படிதான் சொன்னேன். எல்லோருடைய கையும் இலையில் நின்றுவிட்டது. உங்கள் தங்கை, பரமேஸ் மாமி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னா:

"அது எங்களுக்குத் தெரியுந்தானே பிள்ளை."

தெரியுமாம். எல்லோருக்கும் தெரியுமாம், அப்பா. சங்கக் கடைக்காரருக்குத் தெரியும். கோயில் தலைவருக்குத் தெரியும். மாமியின் சிநேகிதியின் மகள் கலியாணம் எங்கள் மண்டபத்தில் நடந்தபோது மாமியும் வந்திருக்கிறா. நான் மேசைகளைப் பார்த்துக்கொண்டு வருவதைக் கண்டு, நான் வெட்கப்படுவேன் என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றாவாம். நான் மண்டபத்தைச் சுற்றச் சுற்ற மாமி தூணைச் சுற்றியிருக்கிறா. அப்படியென்றால் முதலாளியின் அக்கா வந்து கேட்டபோது ஏன் கச்சேரி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். மாமிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அண்ணை சொன்னதை நாங்கள் மாத்திச் சொல்லலாமோ? அதுவும் ஆள் செத்தாப் பிறகு?"

உங்களுக்கும் தெரியுமாம், ஊருக்குத் தெரியும் என்று. மாமி அதையும் சொன்னா. நீங்கள் அவர்களுக்காகச் சொன்னீர்கள், அவர்கள் உங்களுக்காகத் தலையாட்டினார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாதிக்கும் சொன்னீர்களே, மகள் கந்தோரில் என்று. அந்தப் பிள்ளையின் கலியாண விருந்தே எங்கள் மண்டபத்தில்தான் நடந்தது. அவளும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஓம் ஐயா, தெரியும்" என்றாள். ஒரு ஊரே சேர்ந்து மரியாதை காத்திருக்கிறது. நான் ஒருத்திதான் வங்கிவரைக்கும் வெயிலில் நடந்திருக்கிறேன்.

உண்மையாகவே தெரியாமல் இருந்தவர் பொன்னுத்துரை ஐயா மட்டும்தான். "அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று அவர் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டேன். வேறென்ன செய்வது?

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்ததும், குசினி அடுப்படியில் நின்று முதலாளிக்கு எடுத்தேன். ஊருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், இன்றைக்குச் சபையிலேயே சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், உங்களை நம்புகிறேன், என்றாலும் வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒருக்கால் கதைத்தால் எனக்கு ஒரு திருப்தி என்று. நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன், அப்பா. ஒரு நாளில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புகிறவள். எனக்குக் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் தேவையாம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைத்திருப்பேன்.

அம்மா பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினா. உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு ஒன்று இந்த வீட்டில் அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. உங்களுக்குப் படைத்த இலை இன்னும் எடுக்காமல் இருந்தது.

"தம்பி, நான் சுகந்தியின்ரை தாய். என்ரை மகள் உங்கடை ஹோட்டலிலைதான் வேலை செய்யிறாள். தொடங்கின நாளிலையிருந்து எங்களுக்குத் தெரியும். சண்டை பிடிக்க ஒருத்தரும் வரமாட்டினம். அவளுக்கு அந்த வேலையைக் குடுக்காட்டித்தான் நான் வருவன்."

தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, பாத்திரங்களை அடுக்கப் போய்விட்டா.

வேலை கிடைத்துவிட்டது, அப்பா. அடுத்த கிழமையே பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஹோட்டல் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். தர்சிகா அழுதாள். அவள் எதற்கும் அழுவாள். நான் அழுதது அன்றைக்கு அல்ல, அம்மா தொலைபேசியைத் தந்துவிட்டுப் போன அந்த நேரம்தான். ஆத்திரத்தில் அழுதேன். என் உழைப்பை நம்பாத உலகம் என் தாயின் குரலை நம்புகிறதே என்ற ஆத்திரம் ஒன்று. மற்றது உங்கள் மேல். என்ரை மகள் ஹோட்டலிலைதான் வேலை செய்யிறாள். அவ்வளவுதானே. ஒரு மூச்சில் சொல்லி முடிகிற வசனம். அம்மா சொன்னா, வானம் இடிந்து விழவில்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம் அப்பா. நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்கவேண்டும்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே போதும். கோபம் இருக்கிறது. பின்னேரம் வேலை முடிந்து வெளியே வந்தால், எங்கே நிற்கிறீர்கள் என்று கண் இன்னும் தேடுகிறது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி என்னிடம் வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்பிள்ளையின் அப்பாவையும் ஒரு நாள் மத்தியானம் ஹோட்டலுக்குக் கூப்பிடுவேன். வரமாட்டேன் என்றால் நானே வீட்டுக்குப் போய்க் கூட்டிவருவேன். நல்ல மேசையில் இருத்தி, அவருடைய மகளையே பரிமாறச் சொல்வேன். அவர் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, மகள் எங்கே வேலை செய்கிறாள் என்பதைத் தன் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். முதல் ஆளாகத் தர்சிகாவின் தகப்பன் அடுத்த ஞாயிறு வருகிறார்.

நீங்கள் இருந்திருந்தால், முதல் மேசை உங்களுக்கு.

இப்படிக்கு,
அப்பாவின் மூத்தவள் சுகந்தி,
முகாமையாளர். ஹோட்டலில்.